மேற்குப் பார்த்த வீடு, ஒரு பலா, 3 லட்சம் ரூபாய்: மார்த்தாண்டம் பக்கத்து முகப்பு ஒன்றைச் சீர்செய்வது எப்படி?

கேள்வியின் சுருக்கம் இது. மார்த்தாண்டத்துக்குப் பக்கத்தில் 10 சென்ட் நிலத்தில் அப்பா 1998-ல் கட்டிய கான்கிரீட் வீடு. மேற்குப் பார்த்த வாசல். முன்னால் 20 அடிக்கு முற்றம். ஒரு மூலையில் பழைய கிணறு, இன்னொரு பக்கம் பலா. தை மாதக் கடைசியில் தம்பிக்குக் கல்யாணம். கையில் 3 லட்சம் ரூபாய் இருக்கிறது. ஒப்பந்தக்காரர் சொல்லும் யோசனை: பலாவை வெட்டிவிட்டு முற்றம் முழுக்க இன்டர்லாக் கல், வீட்டின் நெற்றியில் ஏ.சி.பி. பலகை (அலுமினியத் தகடு ஒட்டிய பலகை), ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கேட், பளிச்சென்ற நிறத்தில் டெக்ஸ்சர் பெயின்ட், மிச்ச இடத்தில் கொரியன் புல். இது சரியா, எதை முதலில் செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள்.

அந்தப் பட்டியலில் எனக்குச் சம்மதமானது பெயின்ட் ஒன்றுதான். அதிலும் டெக்ஸ்சர் வேண்டாம். பலாவை வெட்ட வேண்டாம். ஏ.சி.பி. பலகையைப் பற்றி அவர் மறுபடியும் பேசினால் வேறு ஆளைப் பாருங்கள். ஒரு வரியில் இப்படிச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம்தான். ஆனால் காரணம் தெரியாமல் ஒப்பந்தக்காரரிடம் நீங்கள் பேசி ஜெயிக்க முடியாது. அதனால் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்கு இரண்டு மழை. எடவப்பாதியில் (வைகாசி நடுவில்) தொடங்கி ஆவணி வரை தென்மேற்குப் பருவமழை. ஐப்பசியிலும் கார்த்திகையிலும் வடகிழக்குப் பருவமழை. இடையில் சித்திரையில் சாயங்காலந்தோறும் இடியோடு ஒரு கோடைமழை வேறு. அகஸ்தீஸ்வரம் பக்கம் மழை குறைவு. கல்குளம், விளவங்கோடு பக்கம் சுவர்கள் முழுதாகக் காய்ந்து நிற்கும் மாதங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். செல்பேசியில் பார்க்கும் கோயம்புத்தூர், பெங்களூர் வீட்டு முகப்புகளை இங்கே அப்படியே கொண்டுவந்து ஒட்டினால் இரண்டே வருடத்தில் பச்சையும் கறுப்புமாக நிற்பது இதனால்தான். இங்கே ஒரு வீட்டின் முகம் கெடுவதற்குப் பெரும்பாலும் தண்ணீர்தான் காரணம். அது எங்கே விழுகிறது, எதன் வழியே இறங்குகிறது, எங்கே தேங்குகிறது என்பதை முதலில் சரிசெய்துவிட்டால், அதன்பின் சாதாரணப் பெயின்டே பத்து வீட்டுக்கு நடுவில் உங்கள் வீட்டைத் தனித்துக் காட்டும்.

இன்று மாலை வெயில் சாயும்போது ரோட்டில் நின்று உங்கள் வீட்டைப் பாருங்கள். மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரின் உச்சியிலிருந்து கறுப்புக் கோடுகள் நீளநீளமாக இறங்கியிருக்கும். சன்ஷேடின் இரண்டு முனைகளிலும் அந்தக் கோடுகள் தடிமனாக இருக்கும். ஜன்னலுக்குக் கீழே இரண்டு மூலையிலும் மீசை வரைந்ததுபோல் ஓர் அழுக்கு. சுவரின் அடியில் ஓரடி உயரத்துக்குச் செம்மண் தெறித்த புள்ளிகள். நீங்கள் "பெயின்ட் போய்விட்டது" என்று நினைப்பதில் பாதி இந்த நான்கும்தான்.

கைப்பிடிச் சுவரின் மேல்பகுதி தட்டையாகவோ வெளிப்பக்கம் சரிந்தோ இருந்தால், அங்கே படியும் தூசும் பாசியும் ஒவ்வொரு மழைக்கும் வெளிச்சுவர் வழியே வழியும். அந்தச் சுவரின் உச்சியை மாடிப்பக்கம் சரியும்படி பூசி, அதன்மேல் சுவரைவிட ஓர் அங்குலமாவது வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கல் அல்லது டைல் வரிசை ஒன்றைப் பதித்துவிடுங்கள். மேஸ்திரிக்கு இரண்டு மூன்று நாள் வேலை. சன்ஷேடுக்கு நோய் வேறு. சொட்ட வேண்டிய தண்ணீர் விளிம்பிலிருந்து சொட்டாமல் அடிப்பக்கத்தில் ஒட்டிக்கொண்டே சுவர்வரை ஓடிவிடுகிறது. புது வீடாக இருந்தால் வார்க்கும்போதே விளிம்புக்குப் பக்கத்தில் அடியில் ஒரு காடி (பள்ளக் கோடு) விட்டிருக்கலாம். பழைய சன்ஷேடில் கட்டர் மிஷினை வைத்துக் காடி வெட்ட விடாதீர்கள். உள்ளே கம்பிக்கு மேல் இருக்கும் காரை ஏற்கெனவே மெல்லியது, வெட்டினால் கம்பி துருப்பிடித்துக் கான்கிரீட் பெயரும். விளிம்பிலிருந்து ஓர் அங்குலம் உள்ளே தள்ளி, பி.வி.சி. அல்லது அலுமினியத்தில் எல் வடிவப் பட்டி ஒன்றை ஒட்டினால் போதும். தண்ணீர் அந்த இடத்தில் அறுபட்டுக் கீழே விழும். ஜன்னல் திட்டுக்கும் இதே வைத்தியம்.

செம்மண் தெறிப்புக்கு மருந்து இன்னும் எளிது. சுவரை ஒட்டி ஒன்றரை அடி அகலத்துக்கு மண்ணை எடுத்துவிட்டு 20 மி.மீ. ஜல்லி நிரப்புங்கள். கூரைத் தண்ணீர் ஜல்லியில் விழுந்து உடையும், சேறு எழும்பாது. கடையில் வெள்ளைக் கூழாங்கல்லைக் காட்டி ஆசை காட்டுவார்கள். நம் மழைக்கு அது ஒரே வருடத்தில் பச்சையாகிவிடும்; அப்புறம் ஒவ்வொன்றாக எடுத்துக் கழுவ வேண்டியதுதான். உள்ளூர்க் கருங்கல் ஜல்லி அழுக்கைக் காட்டாது. அந்த ஜல்லிப் பட்டையில் செடி எதுவும் வைக்காதீர்கள். சுவரோடு ஒட்டிய இடம் காய்ந்து, கண்ணுக்குத் தெரிகிற மாதிரி இருக்க வேண்டும். பாம்புப் பயத்துக்கும் அதுதான் நல்லது.

அடுத்தது ரோடு. 1998-ல் வீடு கட்டியபோது வாசலைவிட ரோடு பள்ளமாக இருந்திருக்கும். அதற்குப்பின் ஒவ்வொரு முறையும் பழைய தாரைச் சுரண்டாமல் அதன்மேலேயே புதுத் தார் போட்டிருப்பார்கள். இப்போது கேட்டுக்குக் கீழே வரும் மழைத்தண்ணீர் உங்கள் முற்றத்தைப் பார்த்துத்தான் ஓடுகிறதென்று நினைக்கிறேன். 2021 நவம்பர் வெள்ளத்தில் முற்றம் எவ்வளவு நேரம் தேங்கி நின்றது என்று அம்மாவிடம் கேளுங்கள், சரியாகச் சொல்வார். இந்த நிலையில் முற்றம் முழுவதையும் கல்லால் மூடினால், வீட்டிலிருந்து இறங்கும் தண்ணீரும் ரோட்டிலிருந்து வரும் தண்ணீரும் நடுவில் சந்தித்துக் குளமாகும். வாசலை ஒட்டிய உட்காரும் தளத்தின் (சிட்-அவுட்) முதல் படி நனையும்.

செய்ய வேண்டியது: கேட்டுக்கு உள்பக்கம் அதன் முழு அகலத்துக்கு ஒரு சிறிய வாய்க்கால் எடுத்து, மேலே இரும்புக் கிரில் மூடி போடுங்கள். கார் ஏறினாலும் தாங்கும் கனத்தில் கிரில் இருக்க வேண்டும். முற்றத்தின் சரிவு வீட்டிலிருந்து அந்த வாய்க்காலை நோக்கி அடிக்குக் கால் அங்குலம். 20 அடிக்கு 5 அங்குலம். வாய்க்காலின் தண்ணீர் வீட்டு அஸ்திவாரத்திலிருந்தும் செப்டிக் டேங்கிலிருந்தும் நன்றாக விலகி இருக்கும் ஓர் உறிஞ்சு குழிக்குப் போகட்டும். உங்கள் பக்கத்துச் சரல் மண்ணில் (சிறுகல் கலந்த செம்மண்ணில்) குழி நன்றாகவே தண்ணீரை இழுக்கும். ஆனால் கூரைத் தண்ணீரை இதில் சேர்க்காதீர்கள். அது சுத்தமான தண்ணீர். அதற்குக் கிணறு இருக்கிறது. முதல் இரண்டு மழையை வெளியே விட்டுவிட்டு, ஜல்லி, கரி, மணல் போட்ட வடிகட்டித் தொட்டி வழியே கிணற்றில் இறக்குங்கள். தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு 2003 முதல் கட்டாயம் என்பது எல்லோருக்கும் தெரியும். உடைந்த ஒரு குழாயைச் சுவரோரம் நட்டுவைத்துக் கணக்குக் காட்டிய வீடுகளும் ஏராளம். முற்றத்துத் தண்ணீரை மட்டும் எந்தக் காரணத்துக்கும் கிணற்றில் விடாதீர்கள். கார் எண்ணெயும் கோழி எச்சமும் அதில் கலந்திருக்கும்.

இன்டர்லாக் கல்லே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கேட்டிலிருந்து கார் நிற்கும் இடம் வரை 10 அடி அகலத்துக்கு ஒரு பாதை, அங்கிருந்து வாசற்படிக்கு 4 அடி அகலத்தில் ஒரு நடைபாதை. அவ்வளவு போதும். கார் ஓட 60 மி.மீ. கனக் கல் தாங்கும். லாரி ஏறுவதாக இருந்தால்தான் 80 மி.மீ. கல்லைவிட முக்கியமானது அடியில் இருப்பது. பல இடங்களில் மண்ணைச் சமன் செய்து, அதன்மேல் பாறைப்பொடியைத் தூவி, நேராகக் கல்லை அடுக்கிவிடுகிறார்கள். முதல் எடவப்பாதியிலேயே தெரிந்துவிடும்: ஒரு கல்லின் மூலையில் கால் வைத்தால் மறுமூலை எழும்பும், இடுக்கிலிருந்து சேற்றுத் தண்ணீர் பீச்சி வேட்டியில் அடிக்கும். மண்ணை வெட்டி எடுத்து, ஜல்லிக் கலவை போட்டு மிஷினால் இறுக்கி, அதன்மேல் ஓரிரு அங்குல மணல் பரப்பி, அப்புறம் கல். இரண்டு ஓரத்திலும் கான்கிரீட்டில் பதித்த விளிம்புக்கல் கட்டாயம். விளிம்பு இல்லாத இன்டர்லாக் ஒவ்வொரு மழைக்கும் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே நகரும். நிறம் சாம்பல் ஒன்றே போதும். சிவப்பு, மஞ்சள், கறுப்பு மூன்றையும் கலந்து பூக்கோலம் போடுவது கல் விற்பவருக்குத்தான் லாபம்.

இப்போது பலா. சுளை கெட்டியான வருக்கையா, குழைவான கூழனா என்று நீங்கள் எழுதவில்லை. எதுவானாலும் அது நிற்கட்டும். மேற்கு வாசலுக்குப் பிற்பகல் இரண்டு மணி முதல் ஆறு மணி வரை அடிக்கும் வெயிலை இலவசமாக மறைத்துக்கொண்டிருப்பது அந்த மரம்தான். அதை வெட்டிவிட்டால் சுவர் சுடும், பெயின்ட் சீக்கிரம் வெளுக்கும், உட்காரும் தளத்தில் மாலையில் யாரும் உட்கார மாட்டார்கள். அதன்பின் ஒரு திரையும் ஒரு மின்விசிறியும் வாங்குவீர்கள். ஒப்பந்தக்காரர் வெட்டச் சொல்வதற்கு ஒரு காரணம், மரம் இருந்தால் கல் பதிக்கும் சதுர அடி குறையும். பலாத்தடிக்குச் சந்தையில் இருக்கும் மதிப்பும் அவருக்குத் தெரியும்.

மரம் பயமாக இருக்கிறது என்று வீட்டில் சொன்னால் அது நியாயமான பேச்சு. 2017 நவம்பர் 30-ம் தேதி ஒக்கிப் புயலில் நம் மாவட்டத்தில் சாய்ந்த மரங்களையும் மின்கம்பங்களையும் யாரும் மறந்திருக்க முடியாது. ஆனால் அதற்கு மாற்று, மரத்தை இல்லாமல் ஆக்குவதல்ல; காற்று உள்ளே புகுந்து போகும்படி கிளைகளைக் குறைப்பது. பலா அடிமரத்திலும் பெரிய கிளைகளிலும்தான் காய்க்கும் என்பதால், வீட்டுப் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் கொப்புகளையும் 10 அடிக்குக் கீழே தொங்கும் கிளைகளையும் கழித்தால் சக்கைக்கு (பலாப்பழத்துக்கு) நஷ்டம் ஒன்றும் இல்லை. காய்ப்பு முடிந்த இந்த ஆவணிதான் அதற்குச் சரியான நேரம். அரிவாளால் கொத்தாமல் ரம்பத்தால் அறுக்கச் சொல்லுங்கள். வெட்டிய வாயில் போர்டோ பசை (மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த பூஞ்சைக்கொல்லி) தடவுங்கள். அடிமரத்தைச் சுற்றி நான்கைந்து அடிக்குக் கல் பதிக்கக் கூடாது. கருங்கல்லில் ஒன்றேகாலடி உயரத்துக்கு வட்டமாக ஒரு திண்டு கட்டினால் நாலு பேர் உட்காரலாம். அந்தத் திண்டுக்குள் மட்டும் புதுமண்ணைக் கொட்டி நிரப்பி விடாதீர்கள்; அடிமரத்துப் பட்டை மண்ணுக்குள் புதைந்தால் அழுகும். கீழே விழும் பெரிய இலைகளைப் பெருக்குவது தொல்லைதான், மறுக்கவில்லை.

செடிகள். இந்த விஷயத்தில் நம்மவர்களுக்கு ஒரு விசித்திரமான ஆசை. கொல்லையில் ஓங்கி நிற்கும் கமுகை (பாக்கு மரத்தை) கண்டுகொள்ளாமல், நர்சரியில் ஒன்றுக்கு ஆயிரக்கணக்கில் கொடுத்து வெளிநாட்டுப் பனைச் செடியை வாங்கி முன்னால் நடுவார்கள். மதிலோரம் மூன்று கமுகு வரிசையாக நின்றால் கிடைக்கும் எடுப்பை எந்தப் பனையும் தராது. ஒரு எச்சரிக்கை: கமுகின் தண்டு மேற்கு வெயில் தாங்காது, வெந்து வெடிக்கும். அதனால் பலாவின் நிழல் மாலையில் விழும் பக்கமாகப் பார்த்து நடுங்கள். மின்கம்பி போகும் பக்கம் உயரமாக வளரும் எதுவும் கூடாது.

மதிலின் உள்பக்கம் நீளத்துக்கும் ஒரே செடி: தெற்றி. இட்லிப்பூ என்று சொல்கிறார்களே, அதுதான். நம் செம்மண்ணின் புளிப்பு அதற்குப் பிடித்தமானது. இரண்டு மழையையும் தாங்கும், வெட்ட வெட்டப் பூக்கும். குட்டை ரகச் சிவப்பு ஒரே நிறத்தில் 30 அடி ஓடினால், பத்து வகைச் செடியைக் கலந்து வைத்ததைவிட ரோட்டிலிருந்து பார்க்க நன்றாக இருக்கும். முகப்புத் தோட்டத்தில் எனக்கு இருக்கும் ஒரே பிடிவாதம் இது. வகை குறைவாக, ஒவ்வொன்றும் நிறைய. கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு பவழமல்லி அல்லது நந்தியாவட்டை. செம்பருத்தி இரண்டு, வெயில் விழும் இடத்தில். உட்காரும் தளத்தின் தூணில் ஏற்ற ஒரு பிச்சிக்கொடி. மார்கழி கடைசியில் வருடந்தோறும் கவாத்து செய்யாவிட்டால் அது புதராகிப் பூக்காமல் போகும். அரளி அழகுதான், ஆனால் குழந்தைகளும் ஆடும் நடமாடும் முற்றத்தில் அந்த விஷம் எதற்கு?

சரல் மண்ணில் சின்னக் குழி தோண்டிச் செடியைச் செருகினால் வேர் அதற்குள்ளேயே சுருண்டுவிடும். இரண்டடிக்கு இரண்டடி, இரண்டடி ஆழம். மேல்மண்ணும் மக்கிய சாணமும் கலந்து நிரப்ப வேண்டும். அடியில் பாறை தட்டினால் கடப்பாரையால் ஒரு பக்கமாவது உடைத்துத் தண்ணீர் வடிய வழி விடுங்கள், இல்லாவிட்டால் ஐப்பசியில் வேர் அழுகும். நாற்று வாங்க வேறெங்கும் விலைபேசுவதற்கு முன் கன்னியாகுமரியில் உள்ள அரசு தோட்டக்கலைப் பண்ணைக்கு ஒருமுறை போய்வாருங்கள். பேச்சிப்பாறையில் வேளாண் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையமும் இருக்கிறது. மண்ணைப் பற்றிச் சந்தேகம் இருந்தால் அங்கே கேட்கலாம்.

புல்லைப் பற்றி ஒரு வார்த்தை. கொரியன் புல்லுக்கு முழு வெயில் வேண்டும். பலா நிழலில் திட்டுத்திட்டாகச் செத்துப்போகும். ஆசை விடவில்லை என்றால் எருமைப்புல்லைக் கிணற்றுப் பக்கத்தில் ஒரு சின்னப் பாத்தி அளவுக்கு வையுங்கள். அது அரை நிழலைப் பொறுத்துக்கொள்ளும்.

கிணற்றை ஒப்பந்தக்காரர் கணக்கிலேயே எடுக்கவில்லை. அந்த முற்றத்தில் பலாவுக்கு அடுத்து அழகான பொருள் அதுதான். சுற்றுச்சுவர் இடுப்பளவுக்குக் குறைவாக இருந்தால் உயர்த்தி, மேலே இரும்பு வலைமூடி போட்டு, வெளிப்பக்கம் வெட்டுக்கல் (செம்பாறையை அறுத்தெடுத்த கல்) பலகை ஒட்டுங்கள். வெட்டுக்கல்லைச் சிமென்ட் பாலில் ஒட்டாமல் டைல் ஒட்டும் பசையில் ஒட்டி, காய்ந்தபின் தண்ணீர் உறிஞ்சாத பூச்சு ஒன்றைத் தடவ வேண்டும்; பளபளப்பு வார்னிஷ் அடித்தால் உரியும். வீட்டு முன்சுவர் முழுக்க வெட்டுக்கல் ஒட்டுவது இப்போது ஒரு மோகமாக இருக்கிறது. கிணற்றுக்கும் கேட்டின் இரண்டு தூணுக்கும் போதும். இந்த மூன்றுக்கும் ஒரே கல் இருந்தாலே ரோட்டிலிருந்து பார்ப்பவருக்கு வீடு முழுக்க யோசித்துச் செய்த மாதிரி தெரியும்.

ஏ.சி.பி. பலகை கடைக்கும் ஷோரூமுக்கும் ஆனது. பலகைக்கும் சுவருக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியில் ஈரம் தங்கும், குளவி கூடு கட்டும், வௌவால் குடியேறும். நடுவில் பிளாஸ்டிக் வைத்த மலிவு ரகம் தீப்பற்றினால் வேகமாக எரியும். பலத்த காற்றில் ஓரம் கிளம்பினால் தகடு முழுவதும் போகும். பின்னால் சுவரில் கசிவு இருந்தால் உங்களுக்குத் தெரியவே தெரியாது. போதுமா?

நெற்றி வெறுமையாக இருக்கிறது என்பதுதான் குறை என்றால், நம் ஊருக்கே உரிய வழி ஒன்று இருக்கிறது. தக்கலைக்குப் போகும்போது பத்மநாபபுரம் அரண்மனையை இந்தக் கண்ணோடு ஒருமுறை பாருங்கள். பூமுகத்தில் (நுழைவு மண்டபத்தில்) தொடங்கி எங்கே நின்று பார்த்தாலும் முதலில் தெரிவது கூரை. சுவர் அதன் நிழலுக்குள் ஒதுங்கி நிற்கும். மழையிலிருந்து சுவரைக் காப்பதற்காகத் தாழ இறக்கிய அந்த ஓட்டுச் சரிவே அதன் அழகாகவும் ஆகிவிட்டது. உங்கள் உட்காரும் தளத்துக்கு மேல் ஜி.ஐ. குழாயில் (துத்தநாகம் பூசிய இரும்புக் குழாயில்) சட்டம் அடித்து ஆறடிக்கு ஓட்டுக்கூரை இறக்குங்கள். ஆறடிக்கு மூன்றடி சரிவு இருந்தால்தான் மங்களூர் ஓட்டில் தண்ணீர் பின்வாங்காது. சட்டத்தைக் கான்கிரீட் பீமில் ஆங்கர் போல்ட் போட்டு நிறுத்த வேண்டும், செங்கல் சுவரில் அல்ல. சுவரும் ஓடும் சேரும் இடத்தில் தகட்டு மடிப்பு வைக்காவிட்டால் அங்கிருந்துதான் ஒழுகும். பழைய ஓட்டு வீடுகளைப் பிரிக்கும் இடங்களில் ஓடு கிடைக்கும். தட்டிப் பார்த்துக் கணீரென்று கேட்பதை மட்டும் எடுங்கள். காற்றுக்கு எழும்பாமல் ஓரத்து வரிசைகளைக் கம்பியால் கட்டச் சொல்லுங்கள். மேற்கு வாசலுக்குச் சாரலும் வெயிலும் இதனால் ஒன்றாகவே தீரும். பணம் போதாமல் போனால் இதை அடுத்த வருடத்துக்குத் தள்ளலாம். தண்ணீர் வேலையைத் தள்ளக் கூடாது.

கேட்டுக்கு நல்ல மைல்ட் ஸ்டீல் போதும். நீங்கள் கடற்கரையில் இல்லை. வெல்டிங் செய்த இடங்களைத் தேய்த்து, பிரைமர் இரண்டு கோட்டும் அதன்மேல் எனாமல் இரண்டு கோட்டும் அடித்தால் பல வருடம் ஓடும். குளச்சல், முட்டம், மணக்குடி பக்கம் இருப்பவர்கள் இதைப் படித்தால் அவர்களுக்குச் சொல்கிறேன்: சாதாரண 304 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் உப்புக்காற்றில் பழுப்புக் கறை பிடிக்கும், 316 ரகம் கேளுங்கள், அல்லது மரமே மேல். ஆரல்வாய்மொழிக் காற்றில் இருப்பவர்களுக்கு உயரமான தொட்டிச் செடி வீண் செலவு. உங்கள் வாசல் கதவு அயனியோ தேக்கோ என்றால் அதற்குப் பெயின்ட் அடிக்காமல், தேய்த்து மர எண்ணெய் பூசினாலே முகம் மாறிவிடும்.

கடைசியில் பெயின்ட். அதுவும் மார்கழி பிறந்தபின். ஐப்பசி மழைக்கு நடுவில் கிடைக்கும் நாலு வெயில் நாளை நம்பி அடித்தால் சித்திரையில் கொப்புளம் கட்டும். பூச்சு வேலை செய்த இடங்கள் குறைந்தது நான்கு வாரம் ஆற வேண்டும். அந்த வேலையைப் புரட்டாசிக்குள் முடித்துவிட்டால் கணக்கு சரியாக வரும். பாசி பிடித்த இடத்தைக் கம்பித் தூரிகையால் தேய்த்து, ப்ளீச்சிங் பவுடர் கரைசல் அடித்து, ஊறவிட்டுக் கழுவிக் காயவிட வேண்டும். பாசியை அப்படியே விட்டு அதன்மேல் பெயின்ட் அடித்தால் ஆறே மாதத்தில் அது வெளியே வந்து நலம் விசாரிக்கும். சுவர் காய்ந்துவிட்டதா என்று தெரிய, ஒன்றரை அடிச் சதுரத்துக்கு பாலித்தீன் தாளை நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டி ஓர் இரவு விடுங்கள். காலையில் உள்பக்கம் வியர்த்திருந்தால் இன்னும் பொறுக்க வேண்டும். டெக்ஸ்சரின் ஒவ்வொரு வரியும் தூசிக்கும் பாசிக்கும் தொட்டில். மழுமழுப்பான நல்ல ரக எக்ஸ்டீரியர் எமல்ஷனே இங்கே சரி. இரண்டு கோட்டுக்கு ஒரு லிட்டர் ஏறக்குறைய 50 முதல் 60 சதுர அடி வரும். சுவர்ப் பரப்பை நீங்களே அளந்து வைத்துக்கொண்டால், எத்தனை வாளி வர வேண்டும், எத்தனை வந்தது என்று பார்த்துக்கொள்ளலாம்.

நிறம் உங்கள் விருப்பம். வளைகுடாப் பணம் வந்த காலத்திலிருந்து நம் பக்கம் கிளிப்பச்சைக்கும் ஊதாவுக்கும் குறைவில்லை. அடித்த மாதம் கண்ணைப் பறிக்கும், மேற்கு வெயில் இரண்டு கோடையில் அதை வெளுத்துவிடும். காவி, மண்மஞ்சள், சாம்பல் போன்ற நிறங்கள் பெரும்பாலும் இரும்பு ஆக்சைடு சேர்மானத்தில் வருபவை. வெயிலில் நின்று பிடிக்கும். என்னைக் கேட்டால் சுவருக்கு வெண்மை கலந்த மண்மஞ்சள், அடியில் இரண்டடிக்கு அடர்ந்த காவிப் பட்டை. செம்மண் தெறித்தாலும் அந்தப் பட்டையில் தெரியாது; ஓட்டுக்கூரையோடும் வெட்டுக்கல்லோடும் சேர்ந்து போகும். உட்காரும் தளத்தில் பழைய சிவப்பு ஆக்சைடு தரை இருந்தால் அதன்மேல் டைல் போட்டு மூடிவிடாதீர்கள். விரிசலைச் சரிசெய்து மெருகேற்றிக் கொடுக்க இன்னும் ஆட்கள் இருக்கிறார்கள்.

விளக்கு மஞ்சள் ஒளியில் இருக்கட்டும், 3000 கெல்வினுக்கு மேல் வேண்டாம். வெள்ளை விளக்குக்குத்தான் மழைக்கால ஈசல் கூட்டம் அதிகம் வரும். பலாவின் அடியில் ஒன்று, கிணற்றுப் பக்கம் ஒன்று, கேட் தூணில் இரண்டு. வெளியில் போடும் எல்லா இணைப்புக்கும் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் தானே மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) பாதுகாப்பு கட்டாயம் இருக்க வேண்டும்.

ஒழுங்கு இப்படி வரும்: ஆவணியில் பலாக் கழிப்பு, கைப்பிடிச் சுவர், சன்ஷேட் பட்டி. புரட்டாசியில் வாய்க்கால், உறிஞ்சு குழி, கிணறு, பாதைக்கு அடித்தளம். மாதக் கடைசியில் செடி நடவு. ஐப்பசி, கார்த்திகை மழை செடிக்குத் தண்ணீர் ஊற்றும். அதோடு வாய்க்கால் வேலை சரியா என்றும் நீங்கள் குடை பிடித்து நின்று பார்த்துவிடலாம். மார்கழியில் இன்டர்லாக், பெயின்ட், கேட். 3 லட்சத்தில் முதல் 1 லட்சத்தைக் கண்ணில் படாத அந்தத் தண்ணீர் வேலைகளுக்கு ஒதுக்கிவையுங்கள். வீட்டில் முணுமுணுப்பு வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கல்யாணத்துக்காக ஒன்று. பந்தல்காரர் வந்தால் கால் நட இன்டர்லாக்கைப் பெயர்ப்பார், தெற்றி வரிசைக்கு நடுவில் கடப்பாரை போடுவார். இப்போதே அவரைக் கூப்பிட்டு எங்கெங்கே கால் வரும் என்று கேட்டு, அந்த இடங்களில் ஒன்றரை அடி நீளக் குழாய்த் துண்டுகளைக் கான்கிரீட்டில் பதித்து மூடி போட்டுவையுங்கள். கேட்டின் இரு பக்கமும் குலைவாழை கட்டப் பக்கத்துக்கு ஒரு வளையம். இந்த ஏற்பாடு திருவிழாவுக்கோ கிறிஸ்துமஸ் நட்சத்திரம் தொங்கவிடுவதற்கோ பின்னாலும் உதவும்.

ஒப்பந்தக்காரரிடம் மொத்தத் தொகை பேசாதீர்கள். வாய்க்கால், அடித்தளம், கல், பூச்சு, பெயின்ட் என்று தனித்தனியாக அளவோடு எழுதி வாங்குங்கள். அடித்தளத்தின் கனம் அந்தத் தாளில் அங்குலத்தில் இருக்க வேண்டும். பத்தில் ஒரு பங்குப் பணத்தைக் கையில் நிறுத்தி, சித்திரையில் முதல் கோடைமழை பெய்து கல் எதுவும் ஆடவில்லை, தண்ணீர் எங்கும் தேங்கவில்லை என்று பார்த்தபின் கொடுங்கள். அதற்கு அவர் ஒத்துக்கொள்ளத் தயங்கினால், அடித்தளத்தை எப்படிப் போடப்போகிறார் என்பது உங்களுக்கு வேலை தொடங்கும் முன்பே தெரிந்துவிடும்.